குளியலறைத் தரையும் தண்ணீர் வாட்டமும்



புது வீட்டுக்குப் போகிறவர்கள் எதைப் பற்றியெல்லாம் கூடிப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வாசலுக்கு என்ன வண்ணம், வரவேற்பறைக்கு எந்த நாற்காலி, சாமி படத்தை எந்தத் திசையில் மாட்டுவது என்று ஒரு மாதம் பேசுவார்கள். குளிக்கும் அறையைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும், "அதைக் கொத்தனார் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவார்கள். வீட்டிலேயே வழுக்கி விழ அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான். ஆகவே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், குளியலறையில் ஷவருக்குக் கீழே உள்ள தரைக்குப் பெரிய அளவு ஓடு பதிப்பது பற்றி. தரை ஓடு என்று நாம் சொல்வதைத்தான் கடையில் டைல்ஸ் என்றும், மலாய் மொழியில் ஜூபின் என்றும் சொல்கிறார்கள்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. தண்ணீர்த் தொட்டியும், சொரசொரப்பான சிமெண்டுத் தரையும்தான் நமது குளியல் இடம். பாசி பிடித்தால் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவோம். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கால்வாய்க்கு ஓடிவிடும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு நமக்கும் நாலு பேர் வீட்டைப்போல் பளபளப்பாக ஒரு குளியலறை வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையில் தவறொன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் அந்த ஆசை வந்தது. வந்து என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு வேலைமுறைக்கு வருகிறோம்.

2009-ஆம் ஆண்டு நாங்கள் தாமான் வீட்டுக்குக் குடிபோனோம். சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிக் குளியலறையைப் புதுப்பித்தோம். 2 அடிக்கு 2 அடி அளவுள்ள, கண்ணாடிபோல் மின்னும் ஓடுகளைக் கடையில் பார்த்தவுடனே எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "பெரிய ஓடு போட்டால் இடையில் கோடு குறைவு, அழுக்கும் பிடிக்காது" என்று வேலைக்கு வந்தவரும் சொன்னார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. சீக்கிரம் முடிந்ததே என்று நாங்களும் மகிழ்ந்துபோனோம்!

முதல் வாரத்திலேயே சுவரோரம் ஒரு கையளவு தண்ணீர் தேங்கி நின்றது. துடைப்பத்தால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாதம், விடியற்காலையில் குளிக்கப் போன எங்கள் தாயார் அந்த இடத்தில் கால் வைத்தார், வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். இடுப்பு எலும்பு தப்பியது நாங்கள் செய்த புண்ணியம். முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். கட்டுப் போட்ட கையோடு அந்தத் தரையைக் காட்டி அவர் கேட்டது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது: "மரத்திலே கோடு போடும்போதே பால் எந்தப் பக்கம் ஓடணும்னு பார்த்துத்தானே வெட்டுவோம்? இந்தத் தரைக்கு அதை யாரும் பார்க்கலையா?"

நேயர்களே, அவர் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பால்மரத்துப் பட்டையில் இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சுமார் 30 பாகைச் சரிவில் கோடு போடுகிறோம். சரிவு சரியாக இருந்தால் பால் கோட்டோடு இறங்கித் தகரத் துண்டின் வழியாக மங்கில் விழும். சரிவு குறைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையிலே வீணாகும். குளியலறைத் தரையும் அப்படித்தான். அந்தச் சரிவுக்குக் கொத்தனார்கள் சொல்லும் பெயர் வாட்டம். வாட்டம் முதலில், ஓடு அதற்குப் பிறகு.

எவ்வளவு வாட்டம் வேண்டும்? ஓர் அடி தூரத்துக்குக் கால் அங்குலம் இறக்கம் இருந்தால் போதும். கொத்தனார் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஆகவே அடிக்கு 2 நூல். மீட்டர் கணக்கில் சொன்னால் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் தயங்கும். ரொம்பவும் கூட்டினால் நிற்கும்போது கால் சரியும்.

இனி, பெரிய ஓட்டில் என்ன சிக்கல் என்று பார்ப்போம். நம் வீடுகளில் தண்ணீர் இறங்கும் வாய் பெரும்பாலும் வட்டமாகவோ சதுரமாகவோ ஓர் இடத்தில் இருக்கும். அது ஷவர்ப் பகுதியின் நடுவில் இருந்தால் நான்கு சுவரிலிருந்தும் தரை அந்த வாயை நோக்கி இறங்க வேண்டும். அப்படியானால் தரை ஒரே பலகையாக இல்லை. நான்கு சரிவுகள் கூடும் ஆழமில்லாத குழிவாக இருக்கிறது. ஒரு குவாலிச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பருப்பைக் கொட்டினால் சட்டியின் வளைவோடு படிந்துகொள்ளும். பெரிய அப்பளம் ஒன்றை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? உடையும், அல்லது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். 2 அடி ஓடு அந்த அப்பளம். அது வளையாது. ஆகவே வேலை செய்கிறவர், ஓடு ஆடாமல் உட்கார வேண்டும் என்பதற்காக வாட்டத்தைக் குறைத்துத் தரையைச் சமதளமாக்கிவிடுகிறார். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. அவர்மீது முழுப் பழியையும் போட எங்களுக்கு மனமில்லை. அந்த ஓட்டை அந்த இடத்துக்குக் கேட்டவர்கள் நாங்கள்தாம்.

அப்படியானால் பெரிய ஓடே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். அதற்கு வழிகள் உண்டு.

ஒன்று, தண்ணீர் வாயை மாற்றுவது. சுவரோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளமான வடிகால் ஒன்றை வைத்துவிட்டால், தரை ஒரே திசையில் சரிந்தால் போதும். சாய்த்து வைத்த மேசைப் பலகைபோல் இருக்கும் அதன்மேல் எவ்வளவு பெரிய ஓடும் அழகாக உட்காரும். எஃகில் செய்த இந்த நீள வடிகால்கள் இப்போது இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் கணக்கை மறக்கக் கூடாது. எதிர்ச்சுவர் 5 அடி தள்ளி இருந்தால் அந்தப் பக்கம் தரை ஒன்றேகால் அங்குலம் உயரும். வாசற்படி அதற்கு இடம் கொடுக்குமா, கதவு திறக்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். கீழே உள்ள குழாயையும் இடம் மாற்ற வேண்டியிருக்கலாம். மாடிவீட்டில் அது பெரிய செலவு. கீழ்வீட்டுக்காரரின் கூரை சம்பந்தப்பட்ட காரியமுங்கூட.

இன்னொன்று, வாய் நடுவிலேயே இருக்கட்டும், ஓட்டை வெட்டுவது. தபால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். நான்கு மூலையிலிருந்தும் கோடுகள் வந்து நடுவில் கூடுகின்றன. அதேபோல் மூலைக்கு மூலை ஓட்டை வெட்டினால் நான்கு சரிவுக்கும் நான்கு துண்டுகள் கிடைக்கும். நல்ல கைத்திறன் உள்ளவர் செய்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். வெட்டில் சேதம் அதிகமாகும். வழக்கமாக நூற்றுக்குப் பத்து ஓடு கூடுதலாக வாங்குவோம்; இதற்குப் பதினைந்தாவது வாங்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்பு எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எண் மாறினால் நிறமும் அளவும் சிறிது மாறும்.

மூன்றாவது வழிதான் நம் கைக்கு அடக்கமானது. ஷவருக்குக் கீழே மட்டும் 2 அங்குலச் சிறு ஓடுகள். மற்ற இடத்திலும் சுவரிலும் பெரிய ஓடுகள். வலையில் ஒட்டி ஓரடித் தாள்களாக வரும் சிறு ஓடுகள், சட்டியில் கொட்டிய பருப்பைப்போல் சரிவோடு படிந்துகொள்ளும். இடைக்கோடுகள் நிறைய இருப்பதால் காலுக்கும் பிடிப்பு உண்டு. கோட்டில் அழுக்குப் பிடிக்கும் என்று சொல்வது உண்மைதான். வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும். எலும்பு முறிவோடு ஒப்பிட்டால் அது ஒரு வேலையா?

நாங்கள் 2010-இல் தரையை உடைத்தோம். உடைத்தபோது கண்டதைச் சொல்ல வேண்டும். ஓட்டின் அடியில் நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை சாந்து மட்டும் வைத்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் வெறும் பொந்து. அந்தப் பொந்துக்குள் சோப்புத் தண்ணீர் இறங்கி, போக வழியில்லாமல் நின்று நாறிப்போயிருந்தது. இத்தனை நாளும் குளியலறையில் வந்த நாற்றத்துக்குக் குழாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்! நீர்க்காப்புப் பூச்சு என்ற ஒன்று அங்கே கண்ணிலேயே தென்படவில்லை.

இம்முறை வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு கொத்தனார். பேச்சுக் குறைவு. முதலில் அவர் செய்த காரியம், தண்ணீர் வாயில் துணியை அடைத்து மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டியது. சாந்து உள்ளே விழுந்து இறுகிவிட்டால் தரை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை அல்லவா? பிறகு சுவரோரம் சுற்றிலும் ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்தில் கோடு போட்டார். ஷவர்ப் பகுதி 3 அடிக்கு 4 அடி, வாய் நடுவில். மூலையிலிருந்து வாய்க்கு இரண்டரை அடி தூரம். ஆகவே 5 நூல் இறக்கம். நான்கு சுவரோரமும் அந்த 5 நூல் உயரத்திலேயே நின்றது. அப்படி நின்றால்தான் சுவர் ஓட்டின் முதல் வரிசை கோணாமல் நேராக வரும். சாந்துத் தளம் போட்டு முடித்து அதை ஒரு வாரம் காயவிட்டார்.

காய்ந்தபின் எங்கள் தாயார் பேரனின் கோலிக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "தம்பி, இதை விட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். "விடுங்கம்மா, அதுக்குத்தானே காத்திருக்கேன்" என்றார் கொத்தனார். நான்கு மூலையிலும் வைத்தார்கள். மூன்று மூலையிலிருந்து குண்டு நேரே ஓடி வாயருகே நின்றது. நான்காவது மூலையில் பாதி வழியில் நின்றுவிட்டது. கொத்தனார் முகம் சுளிக்கவில்லை. அந்த இடத்தைச் சுரண்டிச் சரிசெய்தார். நேயர்களே, இந்தச் சோதனையை ஓடு ஒட்டுவதற்கு முன் செய்யுங்கள். ஓட்டுக்கு அடியிலிருக்கும் பசையைக் கூட்டிக் குறைத்து வாட்டத்தைச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது நீர்க்காப்புப் பூச்சு. ஓடும் அதன் இடைச்சாந்தும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். தடுக்காது, மெல்ல மெல்லக் கசியும். தடுப்பது கீழேயுள்ள பூச்சுதான். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் துணிப்பட்டை வைத்து, முதல் பூச்சை ஒரு திசையிலும், அது காய்ந்தபின் இரண்டாவதை அதற்குக் குறுக்காகவும் பூச வேண்டும். சுவரில் அரை அடிக்காவது ஏற வேண்டும். ஷவர் இருக்கும் சுவரில் ஆளுயரம் வரை பூசுவது நல்லது. தண்ணீர் வாயைச் சுற்றித்தான் அதிகக் கவனம் வேண்டும். பூச்சு நன்றாகக் காய்ந்ததும் வாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு கிழித்து, 24 மணி நேரம் விட்டு வையுங்கள். தண்ணீர் கோட்டை விட்டுக் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியிருந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கண்டாலோ, கசிவு இருக்கிறது.

சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருக்கும் உறவினர்களுக்கும் ஒரு செய்தி. புதிய அடுக்குமாடி கட்டி முடிந்து 3 ஆண்டு ஆகும்வரை குளியலறைத் தரை ஓட்டை உடைக்க அங்கே அனுமதியில்லை. இந்த நீர்க்காப்பைக் காப்பதற்காகத்தான் அந்த விதி. இன்னும் தோட்டத்து வீட்டிலேயே குடியிருப்பவர்களும், தரையில் கைவைக்குமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வீடு அவர்களுடையது, உடைத்த செலவு நம்முடையதாகிவிடக் கூடாது.

ஓடு வாங்கும்போது பளபளப்பை மறந்துவிட்டுக் காலைக் கேளுங்கள். மாதிரி ஓடு ஒன்றைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். சில பெட்டிகளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் இருக்கும். எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். ஆனால் அது செருப்புக் காலுக்குச் சோதித்த கணக்கு. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று ஜெர்மானியத் தரம் தனியாக உண்டு. ஷவர்த் தரைக்கு பி இருக்க வேண்டும். எங்களுக்கு மீந்திருந்த பழைய பளபளப்பு ஓடுகள் வீணாகவில்லை, சுவருக்குப் போயின. சுவரில் யாரும் நடக்கப் போவதில்லை.

போர்சலின் ஓடு வாங்கினால் வெறும் சிமெண்டுக் கரைசலில் ஒட்டாதீர்கள். அந்த ஓடு தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குத் தண்ணீர்கூடக் குடிக்காது. ஆகவே சிமெண்டு அதைப் பற்றிக்கொள்வதில்லை. அதற்கென்றே மூட்டையில் விற்கும் ஒட்டுப்பசை உண்டு. மூட்டையில் எழுதியிருக்கும் அளவு தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். கலக்கிச் சில நிமிடம் விட்டு, மறுபடியும் கலக்குங்கள். பல் வைத்த கரண்டியால் தரையில் ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, ஓட்டின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுத்து, கோட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். 2 அடி ஓடு ஒன்று சுமார் 8 கிலோ இருக்கும்; ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வது நலம். முதல் ஓட்டை ஒட்டியவுடனே ஒருமுறை பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். முதுகு முழுவதும் பசை படிந்திருக்க வேண்டும். ஈரம் படும் இடத்தில் நூற்றுக்கு 95 பங்கு படிய வேண்டும் என்பது கணக்கு. காய்ந்த பின் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டுங்கள். "டொக்கு டொக்கு" என்று பொந்துச் சத்தம் வந்தால், கூலி கொடுக்குமுன் சொல்லுங்கள். கொடுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

ஓடு வெட்டும்போது வரும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து வெட்ட வேண்டும், முகமூடி வேண்டும், குழந்தைகளை அருகில் விடக் கூடாது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டராவது இடம் விட்டு இடைச்சாந்து நிரப்புங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சாந்து வேண்டாம். அங்கே அசைவு இருப்பதால் சாந்து வெடிக்கும். சிலிக்கோன் பசையை இழுத்துவிடுங்கள். கறை போக்க அமிலம் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது கறையோடு சேர்த்து இடைச்சாந்தையும் தின்றுவிடும்.

எங்கள் வீட்டு வேலை இம்முறை இரண்டு நாளில் முடியவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி காயவிட்ட நாள்கள்தாம். அதுவரை பக்கத்து வீட்டில் குளித்தோம். எல்லாம் முடிந்த அன்று கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். தண்ணீர் ஓடி இறங்கிய பின், தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், வெறுங்காலால் நான்கு மூலையையும் மிதித்துப் பார்த்துவிட்டு வந்து, "காப்பி போடு, தம்பி குடிக்கட்டும்" என்றார்.